திருப்பி ஒட்டிய ஐந்தாம் சில்லு

மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஹேமா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாலைந்து முறை தேய்த்துப் பார்த்துக்கொள்வார். விரல் வியர்க்கிறதா என்று தெரிந்துகொள்ள. அன்று கையுறை மாட்டிய பிறகும் அதைச் செய்தார்.

மேசையில் ஒரு கறுப்பு டப்பா திறந்திருந்தது. உள்ளே ஐந்து குழிகள், நான்கு காலி. ஐந்தாவதில் விரல் நகத்தைவிடச் சிறிய, கண்ணாடி போல மினுங்கும் ஒரு சிலிக்கான் சில்லு. எங்களிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

காலை ஒன்பது மணிக்கே வெளியில் வெயில் ஏறிவிட்டது. ஆய்வகத்துக்குள் ஏசி ஓடும் சத்தம் மட்டும். பசையின் புளித்த நெடி மூக்கில் ஏறியது.

"மேடம், சுத்தித்தான வைக்கணும்? இன்னொரு தடவை சொல்லிருங்க," என்றார் ஹேமா.

"சுத்தித்தான். போன நாலையும் எப்படி வச்சீங்களோ அதுக்கு நேர் எதிரா."

"முகம் மேலதான் இருக்கணும். தலப்பக்கம் காலுக்கு வரணும். அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான்."

காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் பேனா போன்ற கருவியால் அவர் சில்லைத் தூக்கினார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சேவியர் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சில்லு மின்சுற்றுப் பலகையில் உட்காரட்டும். நாங்கள் மூவரும் அந்த அறைக்குள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதையும், நகத்தளவு சில்லுக்காக ஏன் இவ்வளவு பயந்தோம் என்பதையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

தடத்துக்கு மணி

இந்தத் தொடரில் நான் இதுவரை வகுப்பறைகளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். மதுரையில் ஒரு பழைய மிஷன் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள் நான். அப்பாவும் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாக்பீஸ் எங்கள் குடும்பச் சொத்து.

ஆனால் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் என் மனம் இருந்தது கெமிஸ்ட்ரி துறையின் பழைய ஸ்டோர் ரூமில். அமிலக் கறை படிந்த தரையைச் சுரண்டி, இரண்டு ஜன்னல்களை அடைத்து, ஏசி மாட்டி, அதை ஓர் ஆய்வகமாக்கியிருந்தோம்.

அங்கே நாங்கள் சோதித்தது சிலிக்கான் பிக்ஸல் சென்சார்கள். செல்போன் கேமராவுக்குள் இருப்பதும் ஒருவகைச் சிலிக்கான் சென்சார்தான். அது வெளிச்சத்தைப் பிடிக்கிறது. எங்களுடையது அணுவைவிடச் சிறிய துகள்களைப் பிடிக்கும். துகள் ஒன்று சில்லை ஊடுருவிப் போகும்போது உள்ளே ஒரு சின்ன மின்துடிப்பை விட்டுவிட்டுப் போகிறது. சில்லைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துவைத்தால், எந்தக் கட்டத்தில் துடிப்பு வந்தது என்பதைக் கொண்டு துகள் போன இடத்தைச் சொல்லிவிடலாம். அந்தக் கட்டம்தான் பிக்ஸல்.

வெளிநாட்டில் ஒரு பெரிய முடுக்கிக் கூடம் இருக்கிறது. அங்கே துகள்களை வேகமாக ஓட்டி மோதவிடுகிறார்கள். மோதிய இடத்திலிருந்து சிதறும் துகள்களின் பாதையைக் காட்டப் போவது இந்தச் சில்லுகள். லட்சக்கணக்கில் வேண்டும். செய்வதற்கு முன் மாதிரிகளைச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பங்கு. சின்னதாக ஒரு பங்கு எங்களுக்கு.

வந்த புதிதில் ஹேமா கேட்டார்: "எங்க போச்சுன்னு தெரிஞ்சா பத்தாதா மேடம்? எதுக்கு நேரத்தையும் இம்புட்டு நுணுக்கி அளக்கிறோம்?"

நான் ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன். "காளவாசல் சிக்னல்ல மழை பெய்ஞ்சு முடிஞ்சதும் ரோட்டுல டயர் தடம் எப்படி இருக்கும்?"

"ஒண்ணு மேல ஒண்ணா, நூறு தடம் இருக்கும்."

"எந்த வண்டி எந்த வண்டிய இடிச்சுச்சுன்னு அதப் பாத்துச் சொல்ல முடியுமா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒவ்வொரு தடத்துலயும் மணி போட்டிருந்தா சொல்லிரலாம். ஒரே நேரத்துல ஒரே இடத்துல ரெண்டு தடம் இருந்தா அதுதான் இடிச்ச இடம்."

என் முதுகலை மாணவர்களுக்கு இரண்டு வகுப்பு தேவைப்பட்ட விஷயம் அது. முடுக்கியில் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடிக்கணக்கான மோதல்கள். தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. இடத்தோடு நேரமும் தெரிந்தால்தான் பிரித்தெடுக்க முடியும்.

அந்த நேரத்தின் அலகு பிகோ நொடி. ஒரு நொடியை லட்சம் கோடி பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. எங்கள் சில்லு முப்பது பிகோ நொடி அளவுக்குத் துல்லியமாக மணி சொல்ல வேண்டும். அந்த நேரத்துக்குள் வெளிச்சம்கூட ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது.

தண்ணீரில் விழுந்த போன்

ஹேமா கல்லூரியில் படித்து எங்களிடம் வந்தவர் அல்ல. காளவாசலில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவர்.

ஒருநாள் என் போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது. நாலு கடைக்காரர்கள் கைவிரித்தார்கள். ஐந்தாவது கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், லென்ஸ் வழியே குனிந்திருந்த ஒரு பெண்மணி, "வச்சுட்டுப் போங்க, நாளைக்குச் சொல்றேன்," என்றார். தலைகூட நிமிரவில்லை.

மறுநாள் போன் வேலை செய்தது. நான் போனைப் பார்க்கவில்லை, அதற்குள் அவர் பற்றவைத்திருந்த இணைப்பைப் பார்த்தேன். திறந்து காட்டச் சொன்னேன். எறும்புக் கால் அளவு இடத்தில் ஒரு கம்பி. பக்கத்தில் எதையும் தொடாமல், ஒரு பிசிறு இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

"இத எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் இல்ல மேடம். கெட்டுப்போன போர்டுல போட்டுப் போட்டுப் பழகுனதுதான்."

வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம் அவருடையது. கணவர் ஜவுளிக் கடையில் கணக்கர். பிளஸ் டூவுக்கு மேல் படிக்கவில்லை. மனம் ஒன்றி வேலை செய்யும்போது மட்டும் எண்ணிக்கையைத் தாய்மொழியில் முணுமுணுப்பார்.

எங்கள் சில்லிலிருந்து மின்துடிப்பை வெளியே கொண்டுவர, ஒவ்வொரு பிக்ஸலுக்கும் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன் உள்ள அலுமினியக் கம்பியைப் பிணைக்க வேண்டும். இயந்திரம் இருந்தது. கை இல்லை. பயிற்சிக்கு வந்து போன இரண்டு பட்டதாரிகள் கம்பியை அறுத்துக்கொண்டே இருந்தார்கள்.

டெக்னீஷியன் வேலைக்கு விளம்பரம் வந்தபோது நானே காளவாசலுக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். தேர்வுக் குழுவில் நான் உட்காரவில்லை. செய்முறைத் தேர்வில் அவர் பிணைத்த இருபது கம்பியும் நின்றன. மற்றவர்களில் அதிகபட்சம் ஏழு.

எங்கள் மூன்றாவது ஆள் சேவியர் சார். எலெக்ட்ரானிக்ஸ் துறை. வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். அளவீடுகளைக் கணினியில் வாங்கி அலசுவது அவர் வேலை. எதையும் சட்டென்று நம்பமாட்டார். மிக நன்றாக வந்த முடிவைப் பார்த்தால், "தப்பு இல்லன்னு நினைக்கேன்," என்பார். அதுதான் அவருடைய அதிகபட்சப் பாராட்டு.

ஒரு மூலை மட்டும்

அந்த வருஷம் புதிய மாதிரிச் சில்லுகள் ஐந்து வந்தன. ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு ஐந்தாக இருபத்தைந்து பிக்ஸல். இதே மாதிரிகள் இன்னும் மூன்று நாடுகளுக்கும் போயிருந்தன. எல்லோரும் சரி என்று சொன்னால் பெரிய அளவில் செய்யச் சொல்லிவிடுவார்கள்.

முதல் சில்லைச் சோதித்தோம். ஈயப் பெட்டிக்குள் இருக்கும் சின்னக் கதிரியக்க மூலத்திலிருந்து எலெக்ட்ரான்கள் சில்லை ஊடுருவிப் போகும். அவை எப்போது போயின என்பதை முன்னாலேயே சரிபார்த்த இன்னொரு சில்லோடு ஒப்பிடுவோம்.

சேவியர் சார் இருபத்தைந்து கட்டம் போட்டு வண்ணம் தீட்டுவார். நேரத்துக்கு வந்தால் பச்சை, தாமதம் என்றால் சிவப்பு. முதல் சில்லில் இருபத்தொரு கட்டம் பச்சை. கீழ் வலது மூலையில் நாலு கட்டம் சிவப்பு. நாற்பது பிகோ நொடி தாமதம்.

இரண்டாவது சில்லிலும் அதே மூலை. மூன்றாவதிலும், நான்காவதிலும்.

"மேடம், இது தற்செயல் இல்ல," என்றார் சேவியர் சார். "ஆனா என்னன்னு எனக்குத் தெரியல."

மற்ற மூன்று நாட்டு ஆய்வகங்களும் 'எல்லாம் சரி' என்று எழுதிவிட்டன. அவர்கள் ஒவ்வொரு சில்லிலும் நடுவில் உள்ள சில பிக்ஸல்களை மட்டுமே பார்த்திருந்தார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இருபத்தைந்துக்கும் கம்பி பிணைப்பது பெரிய வேலை. எங்களிடம் ஹேமா இருந்ததால் அதை ஒரு வேலையாகவே நாங்கள் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்காரர்

வெள்ளிக்கிழமைதோறும் நம் நேரம் மாலை நாலரைக்கு எல்லா ஆய்வகங்களும் கணினித் திரையில் கூடும். நடத்துபவர் வெளிநாட்டு ஒருங்கிணைப்பாளர். நரைத்த தாடி, மெல்லிய குரல், யாரையும் புண்படுத்தாத ஆங்கிலம். எங்களுக்குள் அவருக்கு வெள்ளிக்கிழமைக்காரர் என்று பெயர்.

நான் சிவப்பு மூலையைக் காட்டினேன்.

முதல் வாரம் அவர் கேபிளைச் சந்தேகப்பட்டார். நியாயம்தான். கேபிள் ஒரு சென்டிமீட்டர் கூடினாலே ஐம்பது பிகோ நொடி ஓடிவிடும். கேபிள்களை எல்லாம் இடம் மாற்றிப் போட்டோம். சிவப்பு மூலை அசையவில்லை.

இரண்டாவது வாரம் வெப்பநிலை. உங்கள் ஊர் சூடான ஊர் என்று தெரியும் என்றார். ஊர் சூடானதுதான், ஆனால் சில்லு இருப்பது குளிர்பெட்டிக்குள், உறைநிலைக்குக் கீழே, ஈரம் படியாமல் நைட்ரஜன் ஓட்டத்தில். வெப்பநிலைப் பதிவு முழுவதையும் அனுப்பினோம். சிவப்பு மூலை அசையவில்லை.

மூன்றாவது வாரம் அவர் பசைக்கு வந்தார். சில்லைப் பலகையில் ஒட்டுவது வெள்ளிப்பொடி கலந்த பசையால். பசை ஒரு பக்கத்திலிருந்து பரவினால் எதிர்மூலையில் காற்றுக்குமிழி தங்கலாம். அங்கே மின்சாரம் சரியாகப் பாயாமல் துடிப்பு தாமதமாகலாம். நாலு சில்லையும் ஒட்டியது ஒரே கை என்பதால் நாலிலும் ஒரே மூலை. எனவே மீதிச் சில்லைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அனுபவம் கூடிய வேறோர் ஆய்வகம் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் மிக மரியாதையாகச் சொன்னார். அடுத்த கூட்டத்துக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி இணைப்பைத் துண்டித்தேன்.

கேமராவில் படாத இடத்தில் ஸ்டூலில் ஹேமா உட்கார்ந்திருந்தார். ஆங்கிலம் பேசத் தயங்குவாரே தவிர, கேட்டால் புரியும்.

"ஒரே கைன்னு சொன்னாரே, அது என்னையத்தான மேடம்?"

நான் ஏதோ சமாளித்தேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாரேன் மேடம்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வழக்கமாகப் போகும்போது ஏசியை நிறுத்தலாமா என்று கேட்பார். அன்று கேட்கவில்லை.

என் சந்தேகம்

அடுத்து வருவதை எழுதுவது சுலபமில்லை. எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயத்துக்கு அர்த்தமில்லை.

அந்தச் சனியும் ஞாயிறும் நான் ஹேமாவைச் சந்தேகப்பட்டேன்.

வெள்ளிக்கிழமைக்காரர் சொன்னதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. நாலு சில்லு, ஒரே கை, ஒரே மூலை. மூன்று பெரிய ஆய்வகங்கள் சரி என்கின்றன. ஒரு பழைய ஸ்டோர் ரூம் மட்டும் இல்லை என்கிறது. வேறு யாராவது இப்படி வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் பசையைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன். ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தபோதுகூடப் பசைதான் நினைவில் ஓடியது.

சேவியர் சாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தெரியல மேடம்," என்றார். "பசை இல்லன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா பசைதான்னும் முடியாது."

சில்லைத் திருப்பி அனுப்பிவிட்டால் மரியாதையாக முடிந்துவிடும். ஆனால் அதன் பிறகு எங்களுக்கு எதுவும் வராது. மதுரையில் ஒட்டத் தெரியவில்லை என்ற ஒரு வரி எங்கோ ஒரு கோப்பில் நிற்கும். அதைவிடப் பெரிய கவலை இன்னொன்று. ஒருவேளை நாங்கள் சொல்வது சரியாக இருந்தால், லட்சக்கணக்கில் செய்யப் போகும் சில்லு ஒவ்வொன்றிலும் ஒரு மூலை பொய் மணி காட்டும். மாட்டிய பிறகு கழற்ற முடியாது.

திங்கட்கிழமை காலை ஹேமாவிடம், "நீங்க பசை வைக்கிறத ஒரு தடவை பாக்கணுமே," என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டதாக எனக்கு நினைப்பு.

அவர் பசை எடுத்தார். ஒரு வெற்றுக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காட்டினார். நடுவில் ஒரு பொட்டு, நாலு மூலைக்கும் நாலு சின்னப் பொட்டு. மேலே இன்னொரு கண்ணாடியை இறக்கினார். பசை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரிந்தது. குமிழி இல்லை.

அப்புறம் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நீங்களும் சந்தேகப்படுறீங்கன்னு தெரியுது மேடம். தப்பில்ல. கையி தப்பு பண்ணக்கூடியதுதான். ஆனா சந்தேகம் வந்தா சோதிச்சுப் பாக்கணும்ல? நீங்க ரெண்டு பேரும் காலைல இருந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கீங்க."

சேவியர் சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு முகம் சுட்டது.

"எப்படிச் சோதிக்கலாம்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கடைல டிஸ்ப்ளேல ஒரு மூலை கறுத்து வரும். டிஸ்ப்ளே கோளாறா, போர்டு கோளாறான்னு தெரியாது. டிஸ்ப்ளேயைக் கழட்டி வேற போன்ல மாட்டிப் பாப்போம். கறுப்பு கூடவே போச்சுன்னா டிஸ்ப்ளே. பழைய போன்லயே நின்னுச்சுன்னா போர்டு." அவர் கறுப்பு டப்பாவைக் காட்டினார். "இதக் கழட்ட முடியாது. ஆனா புதுசா ஒட்டும்போது சுத்தி ஒட்டலாம்ல. நான் பசை வைக்கிற மாதிரியே வைக்கிறேன், பலகையும் அதே பலகை மாதிரி. சில்லு மட்டும் சுத்தி இருக்கும். கோளாறு என் கையில இருந்தா சிவப்பு பழைய மூலைலயே வரும். சில்லுல இருந்தா எதிர்மூலைக்குப் போயிரும்."



முப்பது வருஷம் இயற்பியல் கற்பித்தவள் நான். ஒரு நல்ல சோதனை எப்படி இருக்க வேண்டும் என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். முடிவு எப்படி வந்தாலும் பதில் கிடைக்க வேண்டும். சோதிப்பவருக்குப் பாதகமாக வரவும் இடம் இருக்க வேண்டும். தன் கை குற்றவாளியாக நிற்கும் ஒரு சோதனையை அவரே வகுத்துக் கொடுத்தார்.

"தப்பு இல்லன்னு நினைக்கேன்," என்றார் சேவியர் சார்.

அன்றைக்கே வெள்ளிக்கிழமைக்காரருக்கு எழுதினேன். கடைசிச் சில்லை அனுப்பாமல் இப்படிப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. நல்ல யோசனை, செய்யுங்கள் என்று இரண்டே வரி. அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

ஐந்தாவது

புதன்கிழமை காலை. நான் தொடக்கத்தில் சொன்ன இடம் இதுதான்.

ஹேமா சில்லைப் பசை மேல் இறக்கினார். உறிஞ்சும் காற்றை நிறுத்தினார். கருவியை மேலே எடுத்தார். சில்லு கோணாமல் உட்கார்ந்தது. நான் விட்ட மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது.

பசை இறுக ஒரு பகல். வியாழக்கிழமை காலை கம்பி வேலை. ஒவ்வொரு பிக்ஸலாகப் பிணைத்துக்கொண்டே போனார். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பத்தொன்பதாவதில் கம்பி பிடிக்காமல் எழுந்துகொண்டது.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னொண்ணு பிணைக்க இடம் இருக்கு," என்றார். "ஒரு தடவைக்குத்தான் இருக்கு."

எழுந்து வெளியே போனார். ஜன்னல் இல்லாத அறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். வராந்தாவில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. முகம் கழுவி, துடைத்து, கை உலரும்வரை நின்றுவிட்டு வந்தார். உட்கார்ந்தார். கம்பி பிடித்தது. அதற்கு மேல் ஆறும் ஒரே மூச்சில் முடிந்தன.

மத்தியானச் சாப்பாட்டை அன்று யாரும் முழுசாகச் சாப்பிடவில்லை.

மேல் இடது மூலை

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே சேவியர் சார் வந்துவிட்டார். வாடிப்பட்டியில் முதல் பஸ்ஸைப் பிடித்திருப்பார். குளிர்பெட்டியை மூடி, மூலத்தைத் திறந்து, ஓடவிட்டோம்.

துகள்கள் அவசரப்படுவதில்லை. ஒவ்வொரு பிக்ஸலிலும் போதுமான அளவு விழுந்தால்தான் நேரத்தைச் சொல்ல முடியும். திரையில் இருபத்தைந்து கட்டமும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பத்து மணிக்கு நடுவில் ஒன்று பச்சையானது. அப்புறம் இரண்டு. பதினொன்றரைக்கு, கீழ் வரிசை நிரம்ப ஆரம்பித்தது.

எங்கள் கண் கீழ் வலது மூலையில் இருந்தது. நாலு சில்லிலும் சிவப்பாக இருந்த இடம். அங்கே சிவப்பு வந்தால் கோளாறு எங்களுடையது.

ஹேமா திரைப் பக்கமே வரவில்லை. தள்ளி உட்கார்ந்து கம்பிச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே அடுக்கியிருந்த சுருள்கள்.

பன்னிரண்டேகாலுக்கு, கீழ் வலது மூலைக் கட்டம் நிறம் மாறியது. பச்சை.

சேவியர் சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டமும் பச்சை. அதற்கு மேல் உள்ளதும்.

ஒன்றரை மணிக்கு, மேல் இடது மூலையில் முதல் சிவப்பு விழுந்தது. இரண்டு மணிக்குள் நாலு கட்டமும் சிவந்துவிட்டன. அதே நாலு. அதே நாற்பது பிகோ நொடி. சில்லோடு கூடவே சுற்றிப் போயிருந்தது.

"ஹேமா, இங்க வாங்க," என்றேன்.

வந்து, திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"போயிருச்சு," என்றார்.

"போயிருச்சு," என்றார் சேவியர் சார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஹேமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அந்தச் சொல்லைச் சொல்வது எனக்குப் பழக்கமில்லை; ஆங்கிலத்தில் 'சாரி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். அன்று தமிழிலேயே கேட்டேன். "ஐயோ, விடுங்க மேடம்," என்று சொல்லிவிட்டு, "சாப்பிடப் போவோமா? பசிக்குது," என்றார்.

கல்லூரி வாசலில் பருத்திப்பால்காரர் அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்தார். சாப்பாட்டுக்கு முன் பருத்திப்பால் குடித்த ஒரே நாள் அது. சுக்கும் வெல்லமும் தொண்டையில் சூடாக இறங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

நாலரைக்குக் கூட்டம். படத்தைப் போட்டேன். வலது பக்கம் பழைய நாலு, இடது பக்கம் புதியது. விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் படித்தவர்கள், பார்த்தால் புரியும்.

வெள்ளிக்கிழமைக்காரர் தாடியைத் தடவிக்கொண்டே பார்த்தார். பிறகு மற்ற மூன்று ஆய்வகங்களையும் பெயர் சொல்லி அழைத்து, மூலைப் பிக்ஸல்களை அளந்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். மூன்று பேரும் இல்லை என்றார்கள்.

அச்சுத் தகடு

இரண்டு மாதம் ஆனது. சில்லு செய்த தொழிற்சாலை, தன்னிடம் இருந்த ஒன்றை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தது. சில்லின் அமைப்பை அச்சிடும் தகடுகள் பல. அவற்றில் ஒன்றில் ஒரு மூலை சரியாக வரவில்லை. அந்த மூலையில் பிக்ஸலிலிருந்து மின்துடிப்பு வெளியே வரும் துளைகள் இருக்க வேண்டியதைவிடக் குறுகலாக இருந்தன. துடிப்பு நெருக்கியடித்து வந்ததால் தாமதம். ஒரே தகட்டால் அச்சிட்டதால் எல்லாச் சில்லிலும் அதே மூலை.

ஒரே கைதான். ஆனால் அது மதுரையில் இல்லை.

தகடு மாற்றப்பட்டது. புதிய மாதிரிகள் வந்தன. இருபத்தைந்தும் பச்சை. இப்போது பெரிய அளவில் செய்துகொண்டிருப்பது அந்தச் சில்லைத்தான்.

முடிவுகளைக் கட்டுரையாக எழுதும்போது ஒரு கேள்வி வந்தது. சோதனையை வகுத்தவர் யார் என்று வெள்ளிக்கிழமைக்காரர் கேட்டார். நான் சொன்னேன். அப்படியானால் அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டும் என்றார். எங்கள் கல்லூரி வழக்கத்தில் டெக்னீஷியன்களுக்குக் கடைசிப் பத்தியில் ஒரு நன்றி. அவ்வளவுதான். அலுவலகத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

ஆசிரியர்களுக்கான படிவத்தில் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். என் பெயருக்கு எதிரே முனைவர். சேவியர் சார் பெயருக்கு எதிரே முனைவர். மூன்றாவது பெயரில் என் விரல் நின்றது. "தொழில்நுட்ப வல்லுநர்னு போட்டுருவோமா?" என்று சேவியர் சாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

ஹேமாவுக்குக் கேட்டுவிட்டது.

"பிளஸ் டூன்னே போடுங்க மேடம். அதுக்கு என்ன?"

பிளஸ் டூ என்றே போட்டேன். அவ்வளவு நிமிர்வான ஒரு சொல்லை அந்தப் படிவத்தில் வேறு எந்தக் கட்டத்திலும் நான் பார்க்கவில்லை.

போன வருஷம் முடுக்கிக் கூடத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பெரிய அளவில் ஒட்டும் வேலை தொடங்குகிறது, தங்கள் ஆட்களுக்கு ஆறு வாரம் கற்றுக்கொடுக்க ஹேமலதா வர முடியுமா என்று. அவருடைய முதல் பாஸ்போர்ட் அதற்காக எடுத்ததுதான். விமான நிலையத்தில் அவர் கணவர் என்னிடம், "குளிருமா மேடம் அங்க?" என்பதை மூன்று முறை கேட்டார். மனைவியின் பெட்டியைக் கடைசிவரை தானே தள்ளிக்கொண்டு போனார்.

இரண்டாவது வாரம் அங்கிருந்து ஹேமா வீடியோவில் அழைத்தார். ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டினார். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, "பாத்துக்கிட்டே இருங்க மேடம், ஒண்ணு பிணைச்சுக் காட்டிட்டு வாரேன்," என்றார்.

மைக்ராஸ்கோப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் வெள்ளை அங்கியில் கூடி நின்றார்கள். அநேகமாக எல்லோரும் முனைவர்கள். நெருக்கமாகக் குனிந்து பார்த்தார்கள். நரைத்த தாடியும் அதில் தெரிந்தது.

ஹேமா கம்பியை இறக்கப் போனவர் கையை நிறுத்தினார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மூச்சுக்காத்து கம்பி மேல படுது."

ஆங்கிலத்தில் சொல்ல மறந்துவிட்டார். வேலையில் இருந்தார் அல்லவா.

அவர்களுக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். முதலில் நகர்ந்தவர் வெள்ளிக்கிழமைக்காரர்.